எழுதாத கடைசி வரி

பள்ளிக்கூட உபாத்தியாயரின் ஜீவியத்தில் பட்டியலுக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. வருகைப் பட்டியல், மார்க்குப் பட்டியல், சைக்கிள் வாங்குவோர் பட்டியல், பல் பரிசோதனைக்கு வராதவர் பட்டியல் என்று பதினெட்டு வருஷமாக எழுதி எழுதி, கனவுகளுக்குக் கூட வரிசை எண் போடும் நிலைமைக்கு வந்துவிட்டேன். அப்படிப்பட்டவன் மூன்றே வரியுள்ள ஒரு பட்டியலில் இடறி விழுந்த கதையைத்தான் வாசகர்களுக்குச் சொல்ல உத்தேசம். விழுந்ததோடு போயிருந்தால் பாதகமில்லை. விழும்போது பக்கத்தில் நின்ற பையன் ஒருவனையும் பிடித்துத் தள்ளிவிட்டேன். அதுதான் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

நான் கணித ஆசிரியன். கம்ப்யூட்டர் அறையின் சாவி என்னிடம் வந்து சேர்ந்ததற்கு, "நீங்கள்தான் ஸார் கணக்கு வாத்தியார்" என்று தலைமையாசிரியர் கூறியதைத் தவிர வேறு முகாந்திரம் எதுவும் இல்லை. அறையில் பதினெட்டு கம்ப்யூட்டர்கள். ஆபீஸில் ஒன்று, மார்க்குகளும் சம்பளக் கணக்கும் மாறுதல் சான்றிதழ்களும் அதில்தான் இருந்தன. எல்லாவற்றையும் இணைப்பதற்கு 24 துளைகள் கொண்ட ஸ்விட்ச் ஒன்று அலமாரியின் மேல் பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. பழைய மாணவர் ஒருவர் நன்கொடையாக அனுப்பிய சிஸ்கோ வகை யந்திரம் அது. அதைத் துடைப்பதோடு என் கடமை தீர்ந்ததென்று வெகு காலம் எண்ணியிருந்தேன்.

2024-ஆம் வருஷம் மழைக் காலத்தில் ஒரு வியாழக்கிழமை, பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் வந்து தயங்கித் தயங்கி நின்றான்.

"ஸார், ஜன்னலோரத்துக் கம்ப்யூட்டரில் ஆபீஸ் கம்ப்யூட்டரின் கோப்பெல்லாம் தெரிகிறது. மார்க்குக் கோப்பையும் திறக்க முடிகிறது."

"திறந்தாயா?"

"திறந்தேன், ஸார். உடனே மூடிவிட்டேன்."

உண்மையை வலிய வந்து சொன்ன பிள்ளைக்கு என்ன செய்திருக்க வேண்டும்? முதுகில் ஒரு தட்டுத் தட்டியிருக்க வேண்டும். நானோ, "உன்னை யார் அங்கெல்லாம் போகச் சொன்னார்கள்?" என்று அதட்டி அனுப்பினேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. இவன் சொன்னான், சொல்லாதவர்கள் எத்தனை பேரோ? மார்க்கு ஒன்று மாறியிருந்தால் கூட யார் கண்டுபிடிப்பது?

என் தமக்கையின் மகன் சென்னையில் இந்த நெட்வொர்க் உத்தியோகம்தான் பார்க்கிறான். டெலிபோனில் அழைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"மாமா, இதற்குப் போலீஸ் வேண்டாம். ஆக்ஸஸ் லிஸ்ட் போதும்" என்றான்.

அவன் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசுவதெல்லாம் சிறு சிறு பொட்டலங்களாகத்தான். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அனுப்பியவர் விலாசம், பெறுபவர் விலாசம், எந்த வாசல் எண்ணுக்குப் போகிறது என்பதெல்லாம் தபால் உறையில் எழுதியதுபோல் இருக்கும். எங்கள் ஸ்விட்ச் சற்றுப் பெரிய படிப்புப் படித்தது. இந்த உறையைப் படிக்கத் தெரிந்தது. கம்ப்யூட்டர் அறையை ஒரு தெருவாகவும் ஆபீஸை வேறொரு தெருவாகவும் அது பிரித்து வைத்திருந்தது. இவற்றை வீலான் என்கிறார்கள். கம்ப்யூட்டர் அறைக்காரர்களின் விலாசங்கள் 192.168.10 என்றும், ஆபீஸ்காரர்களுடையவை 192.168.20 என்றும் தொடங்கும். (இந்த 192.168 வகை விலாசங்களை யார் வேண்டுமானாலும் தம் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று 1996-ல் விதி செய்திருக்கிறார்கள். ஊருக்கு ஊர் ஒரு காந்தி ரோடு இருப்பதைப் போல.) ஒரு தெருவிலிருந்து மறு தெருவுக்குப் போக வேண்டுமானால் ஸ்விட்சின் வழியாகத்தான் போக வேண்டும். அந்த முனையில் ஒரு காவற்காரனை நிறுத்தி, கையில் ஒரு பட்டியலைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

ஆனால் இந்தக் காவற்காரனுக்குச் சில விசித்திர குணங்கள் உண்டு. பட்டியலை மேலிருந்து கீழாகத்தான் பார்ப்பான். முதலில் எந்த வரி பொருந்துகிறதோ அதுவே தீர்ப்பு. அடுத்த வரியில் என்ன எழுதியிருக்கிறதென்று ஏறெடுத்தும் பார்க்கமாட்டான். ஆகையால் வரிசைதான் பிராணன். எங்கள் பிரிண்டர் ஆபீஸ் தெருவில் இருக்கிறது, 192.168.20.50 அதன் விலாசம். பிள்ளைகள் அதில் அச்செடுக்க வேண்டும். ஆனால் ஆபீஸின் மற்ற எதையும் தொடக் கூடாது. "ஆபீஸ் தெருவுக்குப் போகாதே" என்பதை முதலிலும் "பிரிண்டருக்கு மட்டும் போகலாம்" என்பதை அடுத்தும் எழுதினால், பிரிண்டருக்கு ஒரு காகிதமும் போய்ச் சேராது. விதிவிலக்கை முன்னே எழுதி விதியைப் பின்னே எழுத வேண்டும். இலக்கணப் புஸ்தகத்துக்கு நேர் விரோதமான முறை!

வெள்ளிக்கிழமை மாலை, பள்ளி விட்ட பிறகு, வெளிர்நீலக் கேபிள் ஒன்றால் மடிக் கம்ப்யூட்டரை ஸ்விட்சின் கன்ஸோல் துளையில் இணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேற்படி பையனும் கேபிள்களை ஒழுங்கு செய்ய உதவியாக இருந்தான். அவனாகத்தான் வந்தான், நான் கூப்பிடவில்லை.

முதல் சோதனை கணிதத்திலேயே வந்தது. ஒரு தெரு முழுவதையும் குறிப்பிட, விலாசத்தோடு ஒரு முகமூடி எண் எழுத வேண்டும். சாதாரணமாக அது 255.255.255.0. இந்தப் பட்டியலிலோ அதையே தலைகீழாக்கி 0.0.0.255 என்று எழுதவேண்டுமாம். 0 என்றால் "இந்த இடத்தைக் கண்டிப்பாக ஒப்பிடு", 1 என்றால் "இதைப் பற்றிக் கவலைப்படாதே" என்று பொருள். எட்டு 1-கள் சேர்ந்ததுதான் 255. பழக்க தோஷத்தால் தடை வரியில் நேர் எண்ணையே எழுதிவிட்டேன். அதற்கு ஸ்விட்ச் கண்ட அர்த்தம்: "முதல் மூன்று எண்கள் எப்படியிருந்தாலும் சரி, கடைசி எண் 0 ஆக உள்ளவரை மட்டும் தடு." அப்படி ஒருவரும் எங்கள் அறையில் இல்லை. பரீட்சித்துப் பார்த்ததில் மார்க்குக் கோப்பு முன்போலவே திறந்தது. வகுப்பில் இருபடிச் சமன்பாட்டில் குறியை மாற்றிப் போடும் பிள்ளைகளை நான் பேசும் பேச்செல்லாம் நினைவுக்கு வந்து, பையனுக்குத் தெரியாமல் அழித்து எழுதினேன்.

மருமகப்பிள்ளை இன்னொரு எச்சரிக்கையும் சொல்லியிருந்தான். பட்டியலைப் பொருத்தும்போது சில சமயம் பொருத்துகிறவனையே அது வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடும். ஆகவே முன்னதாக, "பத்து நிமிஷத்தில் நீயே அணைந்து மறுபடி எழுந்திரு" என்று ஸ்விட்சுக்கு உத்தரவு போட்டுவிட வேண்டும். ஏதேனும் விபரீதமானால், எழுந்திருக்கும்போது சேமித்து வைத்த பழைய ஏற்பாட்டோடு எழும். கிணற்றில் இறங்குகிறவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வது போல. கயிற்றை ஒழுங்காகக் கட்டினேன். வேலை சரியாக முடிந்ததும் உத்தரவை ரத்துச் செய்து, புதிய ஏற்பாட்டைச் சேமித்திருக்க வேண்டும். நான் திருப்தியோடு பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டேன். டம்ளர் வாய்க்குப் போகுமுன் அலமாரியின் மேலிருந்த விளக்குகளெல்லாம் அணைந்தன. எழுதிய அத்தனையும் போயிற்று. பையன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சிரித்திருக்க வேண்டும்.

இரண்டாம் முறை எழுதும்போதுதான் நான் அதிபுத்திசாலித்தனம் செய்தது. காவற்காரனின் குணங்களில் முக்கியமானதை இன்னும் சொல்லவில்லையே! பட்டியல் முடிந்த பிறகு, யாரும் எழுதாத, திரையில் காட்டாத வரி ஒன்று தானாகவே இருக்கிறது: "மற்ற எவருக்கும் அநுமதி இல்லை." பட்டியலில் பேர் இல்லாதவன் நல்லவனா கெட்டவனா என்ற விசாரணையே கிடையாது, பேர் இல்லை, ஆகவே வழி இல்லை. இதற்காகத்தான் கடைசியில் "யாரும் எங்கும் போகலாம்" என்று ஒரு வரி சேர்த்துவிடும்படி மருமகப்பிள்ளை சொல்லியிருந்தான். முன் வரிகளில் தடுக்கவேண்டியதைத் தடுத்துவிட்டபடியால் அதில் அபாயம் ஒன்றுமில்லை.

எனக்கோ "யாரும்" என்ற சொல் பிடிக்கவில்லை. திறந்த கதவால்தானே இத்தனை கலவரமும்? எனவே அதைத் திருத்தி, "192.168.10 தெருக்காரர் எங்கும் போகலாம்" என்று கண்டிப்பாக எழுதினேன். அந்தத் தெருவில் அந்தத் தெருக்காரரைத் தவிர வேறு யார் இருக்கப் போகிறார்கள்? ஆக மொத்தம் மூன்று வரிகள். 10-ஆவது: பிரிண்டருக்குப் போகலாம். 20-ஆவது: ஆபீஸுக்குப் போகக் கூடாது, போக முயன்றால் குறிப்பேட்டில் எழுதி வை. 30-ஆவது: எங்கள் தெருக்காரர் மற்ற எங்கும் போகலாம். பட்டியலைக் கம்ப்யூட்டர் அறைத் தெருவின் முனையில், உள்ளிருந்து வருவோரைச் சோதிக்கும் திசையில் பொருத்தினேன். ஆபீஸ் கோப்பு திறக்கவில்லை, பிரிண்டர் அச்சடித்தது, இன்டர்நெட் வந்தது. சேமித்துப் பூட்டிவிட்டு, சனி ஞாயிறு இரண்டு நாளும் ஒரு கோட்டையைக் கட்டி முடித்தவன் போல் வீட்டில் உலாவினேன்.

திங்கட்கிழமை, உதவித்தொகைப் பரீட்சைக்கு மனு அனுப்பக் கடைசி நாள். முப்பத்தொரு பிள்ளைகள். மனுக்களை இன்டர்நெட் மூலம் மாலை ஐந்து மணிக்குள் ஏற்றியாக வேண்டும். கம்ப்யூட்டர் அறையில் ஆறேழு கம்ப்யூட்டர்களில் ஒரே சமயத்தில் வேலை நடந்தால் பகல் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தோம்.

காலை பத்து மணிக்கு ஒரு கம்ப்யூட்டரிலும் இன்டர்நெட் இல்லை. பதினெட்டும் செத்துக் கிடந்தன. ஆபீஸில் மட்டும் ஒழுங்காக வந்தது. அங்கே இருந்த ஒரே கம்ப்யூட்டரில் குமாஸ்தா மனுக்களை ஒவ்வொன்றாக ஏற்றத் தொடங்கினார். பதினோரு மணிக்கு இரண்டு முடிந்திருந்தன. தலைமையாசிரியர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் வந்து நின்று, கடிகாரத்தைப் பார்த்து, திரும்பிப் போனார். கேட்டிருந்தால் தேவலை.

என் பட்டியலில் தவறு இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெள்ளிக்கிழமை பரீட்சித்துப் பார்த்தாயிற்று. அதற்குப் பிறகு நான் கைவைக்கவில்லை. அப்படியானால் வேறு யாரோ கைவைத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை என்னோடு அறையில் இருந்தது யார்? மார்க்குக் கோப்பைத் திறந்தது யார்?

பையனை வகுப்பிலிருந்து அழைத்து வரச் செய்தேன். முப்பது பிள்ளைகளுக்கு முன்னால், "உண்மையைச் சொல். கேபிளில் ஏதாவது செய்தாயா?" என்று கேட்டேன்.

அவன் பதில் சொல்லவில்லை. அவன் முகம் வெளுத்ததை நான் குற்றத்தின் அடையாளமென்றே எடுத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் பிள்ளைகளின் முகத்தைப் படித்த அநுபவம் எனக்கு! சிறிது நேரம் நின்றவன், பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஏதோ தட்டினான். அடுத்ததற்குப் போனான். நாலைந்து பார்த்துவிட்டு, என்னைப் பாராமலே சொன்னான்:

"எல்லாவற்றிலும் விலாசம் 169.254 என்று காட்டுகிறது, ஸார். வெள்ளிக்கிழமை 192.168.10 என்று இருந்தது."

மருமகப்பிள்ளைக்குப் பேசினேன். நாலு தடவை அழைத்த பிறகு பகல் ஒரு மணிக்குக் கிடைத்தான். 169.254 என்றதும், "மாமா, கடைசி வரியை வாசியுங்கள்" என்றான். வாசித்தேன். ஒரு கணம் மௌனம். பிறகு, "யாரும் என்று எழுதச் சொன்னேனே, மாமா!" என்றான்.

சங்கதி இதுதான். கம்ப்யூட்டர்களுக்கு விலாசம் பிறவியிலேயே வருவதில்லை. சத்திரத்தில் அறை கொடுப்பது போல் ஸ்விட்ச்தான் கொடுக்கிறது, டி.எச்.சி.பி. என்று அந்த முறைக்குப் பெயர். கொடுத்த விலாசம் நிரந்தரமல்ல. எங்கள் ஸ்விட்சில் அதன் ஆயுள் ஒரே நாள். வெள்ளிக்கிழமை எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஏற்கெனவே விலாசத்தோடு இருந்தபடியால் என் பட்டியல் அவற்றுக்கு வழிவிட்டது. சனி ஞாயிறில் ஆயுள் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை கண் விழித்த ஒவ்வொரு கம்ப்யூட்டரும் புது விலாசம் கேட்கக் குரல் கொடுத்தது. விலாசம் இல்லாதவன் கேட்கும் குரலாகையால், அனுப்பியவர் என்ற இடத்தில் 0.0.0.0 என்றும், யாரிடம் கேட்பதென்று தெரியாததால் பெறுபவர் என்ற இடத்தில் 255.255.255.255, அதாவது "இங்குள்ள எல்லோரும்" என்றும் இருக்கும். காவற்காரன் பட்டியலைப் பார்த்தான். "நீ 192.168.10 தெருக்காரனா?" இன்னும் இல்லை, அதைத்தானே கேட்க வந்திருக்கிறான்! மூன்று வரியும் பொருந்தவில்லை. எழுதாத கடைசி வரி பொருந்திற்று. பதில் கிடைக்காத கம்ப்யூட்டர்கள் தமக்குத் தாமே ஒரு விலாசம் சூட்டிக்கொண்டன. அதுதான் 169.254. அதை வைத்துக்கொண்டு வாசற்படியைத் தாண்ட முடியாது.

விலாசம் உள்ளவனுக்குத்தான் விலாசம் கேட்க அநுமதி என்று நான் உத்தரவு போட்டிருக்கிறேன்! ரேஷன் கார்டு கேட்டு மனுப் போடப் போனவனிடம், "ரேஷன் கார்டு நகல் எங்கே?" என்று கேட்ட குமாஸ்தாவைப் பற்றி வருஷக்கணக்காகச் சிரித்து வந்தவன் நான்.

திருத்தம் ஒரே வரி. பட்டியலில் வரி எண்கள் பத்துப் பத்தாகப் போவதன் பிரயோசனம் அப்போதுதான் புரிந்தது; இடையிலும் முன்னாலும் புதிதாகச் சேர்க்க இடம் இருக்கிறது. 5-ஆவது வரியாக, "68-ஆம் வாசலிலிருந்து 67-ஆம் வாசலுக்கு விலாசம் கேட்டு வருபவர் யாராயிருந்தாலும் விடு" என்று எழுதினேன். இந்தத் தடவை "யாராயிருந்தாலும்" என்று எழுத விரல் தயங்கவில்லை. கேபிள்களைப் பிடுங்கி மறுபடி செருகும்படி பிள்ளைகளிடம் சொன்னேன். ஜன்னலோரத்துக் கம்ப்யூட்டர் முதலில் பிழைத்தது. பிறகு வரிசையாக ஒவ்வொன்றும்.

அப்போது மணி ஒன்றே முக்கால். ஆபீஸில் ஏறியிருந்த மனுக்கள் ஏழு. பாக்கி இருபத்து நாலு.

பிள்ளைகளும் நானும் உட்கார்ந்து தட்டினோம். சாப்பாட்டு மணி அடித்துப் போனது யாருக்கும் தெரியாது. நடுவில் ஒரு சிறுமியின் மனு நின்றுவிட்டது. "நிரந்தர விலாசம்" என்ற இடத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக அது மறுத்தது. அவளுடைய பெற்றோர் செங்கற் சூளையில் வேலை செய்கிறவர்கள். சூளை மாறினால் குடிசையும் மாறும். "எந்த விலாசம் எழுதட்டும், ஸார்?" என்று அவள் கேட்டபோது நான் சற்று நேரம் பேசாமல் நின்றேன். தலைமையாசிரியரிடம் போனேன். "பள்ளிக்கூட விலாசத்தை எழுதுங்கள். கடிதம் வந்தால் நாம் கொடுத்துவிடுகிறோம்" என்றார்.

கடைசி மனு நாலே முக்காலுக்கு ஏறிற்று.

மறுநாள் காலை முதல் வகுப்பு அந்தப் பையனுடைய வகுப்பு. நேற்றுக் கேட்ட இடத்திலேயே, நேற்று இருந்தவர்களுக்கு முன்னாலேயே சொல்ல வேண்டும் என்று இரவெல்லாம் தயார் செய்திருந்தேன். கரும்பலகைக்கு முன் நின்று, "நேற்று நெட்வொர்க் கெட்டது என் பிழையால். இவன் மேல் நான் சந்தேகப்பட்டதும் என் பிழை. என்ன கோளாறு என்று கண்டுபிடித்தவனும் இவன்தான்" என்றேன். ஒத்திகை பார்த்திருந்த மற்ற வாக்கியங்களெல்லாம் மறந்துவிட்டன. அவன் எழுந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான். அந்த வாரம் முழுவதும் அவன் கம்ப்யூட்டர் அறைப் பக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் வந்தான். நான் ஸ்விட்சின் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 20-ஆவது வரி யாரையாவது தடுத்தால் எழுதி வைக்கும் என்றேனல்லவா? அதில் ஒரு வரி இருந்தது: அன்று காலை, ஜன்னலோரத்துக் கம்ப்யூட்டரிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டரின் 445-ஆம் வாசலை ஒருவர் தட்டியிருக்கிறார். கோப்புகளைத் திறக்கும் வாசல் அது. பின்னால் நின்று அவனும் அதைப் படித்தான்.

நான் இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை.

"நான்தான், ஸார்" என்றான். "பூட்டு சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன்."

"இருக்கிறதா?"

"இருக்கிறது, ஸார். ஆனால் பக்கத்தில் வைஃபை என்று ஒரு பெட்டி இருக்கிறதே, அது எந்தத் தெருவில் சேர்த்தி?"

நாற்காலியை இழுத்துப் போட்டு அவனையும் உட்காரச் சொன்னேன்.